இரட்டைப் பிள்ளைகள் பிறப்பது எதனால்?

ஸ்ரீராம்புரத்துக் கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கும் தாய்மார்கள் சிலர், சீப்பைக் கையில் எடுத்ததும் ஒரு முறை திருப்பிப் பார்ப்பதுண்டு. ஒட்டிப் பிறந்த இரட்டைப் பழம் ஏதேனும் அதில் இருப்பின், அதைப் பிய்த்துத் தனியே வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பைக்குள் இடுவர். வீட்டில் மணமாகாத பெண் இருந்தாலும், முழுகாமல் இருக்கும் மருமகள் இருந்தாலும், அந்தப் பழம் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்பது கட்டளை. "இரட்டைப் பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை" என்பது தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறியவர்கள், மூட்டை முடிச்சுகளோடு சேர்த்துக் கொண்டுவந்த நம்பிக்கை. நேர்மாறாக, பிள்ளைக்காக ஏங்கியிருக்கும் பெண்ணொருத்தி அதே பழத்தை யாருமறியாமல் கேட்டு வாங்கித் தின்பதும் உண்டு. ஒருத்திக்கு அச்சமாக இருப்பது மற்றொருத்திக்கு ஆசையாக இருக்கிறது!

பழத்தின் மேல் குற்றமில்லை. பூவாக இருக்கும்போதே அருகருகே இருந்த இரு பிஞ்சுகள் ஒட்டி வளர்ந்தால் இரட்டைக் கனி உண்டாகிறது. அதை உண்டவர் வயிற்றில் அது மாவும் சர்க்கரையுமாகக் கரைந்துவிடுகிறது. தான் இரண்டாக இருந்த செய்தியை அது யாரிடமும் சொல்வதில்லை. ஆயினும் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் உள்ள கேள்வி நல்ல கேள்வி. எல்லாப் பெண்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிறக்க, சிலருக்கு மட்டும் இரண்டு பிறப்பது ஏன்? சில குடும்பங்களில் அது மீண்டும் மீண்டும் நேர்வது ஏன்? உலகில் சில ஊர்களில் தெருவுக்குத் தெரு இரட்டையர் இருப்பதன் மருமம் என்ன?

இரட்டையர் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரு வேறு நிகழ்ச்சிகள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பெண்ணின் சினைப்பையிலிருந்து மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. எப்போதேனும் ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் முதிர்ந்துவிடுகின்றன. இரண்டும் தனித்தனி விந்தணுக்களோடு கூடி, இரண்டும் கருப்பையில் தங்கிவிட்டால் பிறப்பவர் இரு முட்டை இரட்டையர். இவர்கள் ஒரே நாளில் பிறந்த உடன்பிறப்புகள், அவ்வளவே. ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்கலாம்; ஒருவர் கறுப்பு, ஒருவர் சிவப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது வகை வேறு. ஒரே முட்டை, ஒரே விந்தணு. கருவுற்ற சில நாட்களுக்குள் அந்தக் கரு இரண்டாகப் பிரிந்து, இரண்டும் தனித்தனியே வளர்கின்றன. இவர்கள் ஒரு முட்டை இரட்டையர். ஒரே பால், ஒரே முகம். பெற்ற தாயே சில நாட்கள் தடுமாறுவாள்.

இந்த இரண்டாம் வகையைப் பற்றி நாம் சொல்லக்கூடியது குறைவு. உலகில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், எந்த இனத்தை எடுத்துக்கொண்டாலும், ஆயிரம் பிரசவங்களுக்கு மூன்று அல்லது நான்கு என்னும் அளவிலேயே ஒரு முட்டை இரட்டையர் பிறக்கின்றனர். தாயின் வயது, உணவு, உயரம் எதுவும் இந்தக் கணக்கைப் பெரிதாக அசைப்பதில்லை. குடும்ப வழியாகவும் பெரும்பாலும் இது வருவதில்லை. கரு ஏன் பிரிகிறது என்பதற்குத் திட்டமான விடை இன்னும் கிட்டவில்லை. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் அர்மடில்லோ என்னும் ஓட்டுடல் விலங்கின் ஓர் இனம், ஒரே முட்டையிலிருந்து எப்போதும் நான்கு குட்டிகளையே ஈனுகிறது. அதற்கு விதியாக இருப்பது மனிதருக்குத் தற்செயல்.

ஆகவே, ஊருக்கு ஊர், குடும்பத்திற்குக் குடும்பம், வயதுக்கு வயது மாறுபடுவதெல்லாம் இரு முட்டை இரட்டையரின் எண்ணிக்கையே. அவர்களைப் பற்றித்தான் இனிப் பேசப் போகிறோம்.

எத்தனை பேர் எந்த வகை என்பதை, மரபணுச் சோதனை எதுவும் இல்லாத காலத்திலேயே கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வைத்தியம் பார்த்துவந்த வில்ஹெல்ம் வைன்பெர்க் 1901-ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் ஜோடிகள் எல்லாம் ஐயமின்றி இரு முட்டை இரட்டையரே. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிறப்பதால், இரு முட்டை இரட்டையரில் பாதிப்பேர் ஆண்–பெண் ஜோடியாகவும், மறுபாதிப்பேர் ஒரே பாலினராகவும் இருக்க வேண்டும். எனவே ஆண்–பெண் ஜோடிகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் 100 இரட்டைப் பிரசவங்கள் இருந்து, அவற்றுள் 30 ஆண்–பெண் ஜோடிகள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இரு முட்டை இரட்டையர் 60; மீதி 40 ஒரு முட்டை இரட்டையர். பதிவேட்டைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை.

இக்கணக்கைக் கொண்டு உலகைச் சுற்றிப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். ஜப்பானில் இரட்டையர் மிகக் குறைவு. சிகிச்சை முறைகள் பரவுமுன் அங்கே ஆயிரம் பிரசவங்களுக்கு ஆறு ஏழே. ஆப்பிரிக்காவின் மேற்கே, நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களிடையே அது ஆயிரத்திற்கு நாற்பதையும் தாண்டியது. பக்கத்து நாடான பெனினில் ஆயிரத்திற்கு 28 என்னும் அளவு. இந்தியாவும் இலங்கையும் அடங்கிய தென்னாசியாவோ குறைவான பக்கத்தில் நிற்கிறது. ஆயிரத்திற்கு ஒன்பது பத்துக்குள் அடங்கிவிடும். நம் தெருக்களில் இரட்டையரைக் கண்டால் இன்றும் நின்று பார்க்கிறோம். யொரூபா ஊர்களில் யாரும் நிற்பதில்லை. அங்கே இரட்டையருக்குப் பெயர்கூடத் தேடவேண்டியதில்லை. முதலில் வருவது டாய்வோ, பின்னால் வருவது கெஹிண்டே. பின்னால் வந்ததே மூத்தது என்பது அவர்கள் மரபு. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர இளையதை முன்னே அனுப்பியதாம் மூத்தது!

இவ்வேறுபாடுகளுக்கு அடியில் இருப்பது ஒரு சுரப்பு நீர். மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. சினைப்பையைத் தூண்டி முட்டையை முதிரச் செய்யும் ஹார்மோனை அது இரத்தத்தில் கலக்கிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எஃப்.எஸ்.எச். என்பர். ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைகள் ஒரே சமயத்தில் முதிரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று முந்திக்கொள்கிறது. அது முந்தியதும், தூண்டும் நீரின் அளவு குறைக்கப்படுகிறது, மற்றவை வாடிவிடுகின்றன. பந்தியில் முதலில் அமர்ந்தவருக்குப் பரிமாறியதும் உலையை இறக்கிவிடுவது போன்ற ஏற்பாடு. ஏதோ ஒரு காரணத்தால் அந்த நீர் சற்று அதிகமாகவோ, சற்று நீண்ட நேரமோ சுரந்துவிட்டால், இரண்டாவது முட்டைக்கும் பரிமாறப்பட்டுவிடுகிறது. இபாதான் நகரில் பணியாற்றிய நைலாண்டர் என்னும் மருத்துவர், இரட்டையரைப் பெற்ற யொரூபாத் தாய்மாரின் இரத்தத்தில் இந்த நீர் மிகுந்திருப்பதைக் கண்டு 1973-இல் வெளியிட்டார். அங்குள்ளோர் மிகுதியாக உண்ணும் ஒருவகைக் காட்டுக் கிழங்கே காரணம் என்றும் ஒரு பேச்சு அங்கே நெடுநாளாக உண்டு. கிழங்கைப் பற்றிய பகுதி இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. நம் வாழைப்பழத்தைப் போல அதுவும் ஒரு பழங்கதையாக முடிந்தாலும் முடியலாம்.

தாயின் வயதிற்கு வருவோம். இரட்டைப் பேற்றுக்குரிய வாய்ப்பு, பெண் பூப்பெய்திய இளமையில் மிகக் குறைவு. ஆண்டுதோறும் அது ஏறிக்கொண்டே சென்று, 35 முதல் 39 வயதுக்குள் உச்சியை எட்டுகிறது. பதினைந்து வயதிற்கும் முப்பத்தேழுக்கும் இடையே இரு முட்டை இரட்டையரின் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பது, இத்துறையில் பெயர்பெற்ற இங்கிலாந்து அறிஞர் பல்மர் காட்டிய கணக்கு. அதன் பின் விரைவாக இறங்கிவிடுகிறது. வயது ஏற ஏறக் கருத்தரிக்கும் ஆற்றல் குறைகிறது, ஆனால் இரட்டை பிறக்கும் வாய்ப்போ மிகுகிறது என்றால் முரணாகத் தோன்றும். முரணில்லை. சினைப்பையில் உள்ள முட்டைகளின் இருப்புக் குறையக் குறைய, அதை எழுப்புவதற்காகப் பிட்யூட்டரி கூடுதலாக நீரைச் சுரக்கிறது. செவிமந்தமானவரிடம் நாம் குரலை உயர்த்திப் பேசுவதுபோல. உயர்ந்த குரலைக் கேட்டுச் சில மாதங்களில் இரண்டு முட்டைகள் எழுந்துவிடுகின்றன.

முன்பு எத்தனை பேறு ஆகியிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஒரே வயதினரான இருவரில், நான்கு பெற்றவளுக்கு உள்ள வாய்ப்பு, முதற் பேற்றுக்காரிக்கு உள்ளதைவிட மிகுதி. நம் பாட்டிமார் காலத்தில் எட்டாவது பேறும் ஒன்பதாவது பேறும் இரட்டையாக முடிந்த கதைகள் பல குடும்பங்களில் உண்டு. அவர்களுக்கு வயதும் சேர்ந்தது, பேற்றின் எண்ணிக்கையும் சேர்ந்தது.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. தென்னிந்தியாவில் ஏராளமான பெண்கள் இருபது இருபத்திரண்டு வயதில் தாயாகி, இரண்டு பெற்றதும் இருபத்தைந்து இருபத்தாறுக்குள் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டனர். இயற்கை இரட்டையரை மிகுதியாகத் தரும் வயதை அவர்கள் தாயாகாமலே கடந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் இரட்டையர் குறைவாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே கொள்ளவேண்டும். படித்து வேலைக்குச் சென்று, முப்பதுக்குப் பின் முதற் பிள்ளை பெறுவோர் பெங்களூர் போன்ற நகரங்களில் பெருகிவருவதால், இந்தக் காற்று மெல்ல எதிர்த்திசையில் வீசத் தொடங்கியிருக்கிறது.

உடலமைப்பும் சற்றுப் பேசும். உயரமான பெண்களுக்கும், பருமனான பெண்களுக்கும் இரு முட்டை இரட்டையர் சற்று மிகுதி என அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. ஊட்டமில்லாத காலங்களில் எண்ணிக்கை குறைகிறது. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பஞ்சம் நேர்ந்த ஐரோப்பிய நாடுகளில் இரு முட்டை இரட்டையர் குறைந்தனர். போர் முடிந்தபின் எண்ணிக்கை மீண்டது. இதைக் கேட்டு, இரட்டைப் பிள்ளைக்காக உடலைப் பெருக்க நினைப்பது பேதைமை. பருமன் தாய்க்குத் தரும் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அந்த ஆசையைப் போல் பத்து மடங்கு நிச்சயமானவை.

மருந்தைப் பற்றி ஒரு சொல். கருவுறும் முன்பும் கருவுற்ற தொடக்கத்திலும் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை உட்கொண்டால் இரட்டை பிறக்கும் என்று ஒரு வதந்தி உண்டு. சீனாவில் ஏறக்குறைய 2,42,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் இரட்டைப் பேற்றில் வேறுபாடு இல்லை. குழந்தையின் முதுகெலும்பும் மூளையும் குறையின்றி அமைய அம்மாத்திரை இன்றியமையாதது. வதந்திக்கு அஞ்சி அதைக் குப்பையில் போடுவோரே இழப்புக்குள்ளாகின்றனர்.

இனிக் குடும்ப வழி. "எங்கள் வீட்டில் யாருக்கும் இரட்டை இல்லையே, மருமகளுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்கும் மாமியாரை நாம் அறிவோம். விடை மருமகளின் தாய்வீட்டில் இருக்கிறது. இரண்டு முட்டை வெளிப்படுவது பெண்ணின் உடலில் நேர்வது; ஆகவே அப்பண்பு அவள் பெற்ற மரபிலிருந்தே வெளிப்பட வேண்டும். இரு முட்டை இரட்டையரைப் பெற்றவளின் உடன்பிறந்தாளுக்கு, மற்றப் பெண்களுக்கு உள்ளதைப்போல் இரு மடங்கு வாய்ப்பு உண்டு. தந்தை இதில் வெறும் பார்வையாளரா? அவர் மனைவிக்கு இரட்டை பிறப்பதை அவர் மரபு தீர்மானிப்பதில்லை. ஆயினும் அவர் தம் தாயிடமிருந்து பெற்ற மரபணுவைத் தம் மகளுக்குத் தந்துவிடக்கூடும். அது தலைமுறையைத் தாண்டிப் பேத்தி வழியாக வெளிப்படும். 'ஒரு தலைமுறை விட்டு வரும்' என்று பெரியோர் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். மகன் வழியில் வந்தால் விட்டு வரும், மகள் வழியில் வந்தால் விடாமலே வரும். 2016-இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி, இரட்டையரைப் பெற்ற தாய்மாரின் மரபணுக்களை ஆராய்ந்து, இரு இடங்களைச் சுட்டினர். ஒன்று எஃப்.எஸ்.எச். சுரப்பின் அளவை உயர்த்துவது. மற்றொன்று அந்நீருக்குச் சினைப்பை காட்டும் உணர்ச்சியை மாற்றுவது. ஒவ்வொன்றின் வலிமையும் சிறிதே. இரண்டும் இருந்தும் ஒவ்வொன்றாகவே பெறும் பெண்கள் ஏராளம்.

மரபின் கதையைப் பேசும்போது கொடிஞ்ஞியை விட்டுவிட முடியாது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், திரூரங்காடிக்கு அருகே உள்ள சிற்றூர் அது. ஏறக்குறைய 2,000 குடும்பங்கள். தென்னையும் வயலும் சூழ்ந்த, பார்வைக்கு மற்ற மலபார் ஊர்களைப் போன்றதே. ஆனால் பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டிப் பார்த்தால் ஒரே முகம் இரண்டு இடத்தில் தெரியும். 2008 வாக்கில், அவ்வூர் இரட்டையரை எண்ணிக் கணக்கெடுத்த மருத்துவர் எம். கே. ஸ்ரீபிஜு இருநூறுக்கும் மேற்பட்ட ஜோடிகளைக் கண்டார். பிற்காலத்துக் கணக்குகள் நானூறு ஜோடி என்கின்றன. ஆயிரம் பேற்றுக்கு ஏறக்குறைய 45 என்று மதிப்பிடப்பட்டது. நாட்டின் பொது அளவைப்போல் நான்கைந்து மடங்கு. இரட்டையருக்கும் அவர்தம் பெற்றோருக்குமாக ஒரு சங்கமும் அங்கே அமைக்கப்பட்டது.

காரணம் என்ன? தண்ணீர் என்றார் சிலர்; உணவு என்றார் சிலர். அண்டை ஊர்களும் அதே நீரைக் குடித்து அதே மீன்குழம்பை உண்கின்றன. அங்கே இந்தப் பெருக்கம் இல்லை. பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை என்று சொல்லவும் வழியில்லை. பெரும்பாலோர் இளவயதில் மணந்து இயல்பாகவே பெற்றவர்கள். ஹைதராபாதிலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தோரும் அயல்நாட்டாரும் அடங்கிய குழு ஒன்று, 2016-இல் அங்கே சென்று இரட்டையரின் எச்சிலையும் முடியையும் சோதனைக்காகச் சேகரித்தது. முடிவான விடை கிடைத்ததாக இன்னும் கூறமுடியவில்லை. உறவுக்குள் மணம் செய்யும் வழக்கத்தால் ஏதோ ஒரு பழைய மூதாட்டியின் மரபணு அவ்வூருக்குள்ளேயே சுழன்று திரண்டிருக்கலாம் என்பது என் கருத்துக்கு ஒத்ததாகத் தோன்றுகிறது. கருத்து என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு அன்று.

அவ்வாறு எண்ணக் காரணம் இல்லாமலில்லை. பிரேசில் நாட்டின் தென்கோடியில் கான்டிடோ கோடோய் என்றோர் ஊர் உண்டு. ஜெர்மானியக் குடியேற்றக்காரர்கள் வாழ்வது. அங்கேயும் இரட்டையர் மிகுதி. நாஜிகளின் சிறைமுகாமில் இரட்டைக் குழந்தைகளைக் கொடுமையான சோதனைகளுக்கு உட்படுத்திய மெங்கலே என்னும் கொலைபாதகன், போருக்குப்பின் தென்னமெரிக்காவில் ஒளிந்து வாழ்ந்தான் அல்லவா? அவனே 1960-களில் இவ்வூருக்கு வந்து பெண்களுக்கு ஏதோ மருந்து கொடுத்தான் என்று ஒரு கதை கிளம்பி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. பிரேசில் நாட்டு மரபியலார் மாதாகோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அவன் வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் இரட்டையர் திடீரெனப் பெருகவில்லை. முன்பும் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள். குடியேறிய சில குடும்பங்களுக்குள்ளேயே மணவுறவு நிகழ்ந்ததும், இரட்டையரைப் பெற்ற தாய்மாரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வேறுபாடு மிகுந்திருந்ததும் வெளிப்பட்டன. இந்த ஆய்வு 2011-இல் அச்சாயிற்று. பரபரப்பான கதையைப் பதிவேடு ஒன்று அமைதியாக வென்றது.

இதுவரை சொன்னவை யாவும் இயற்கையின் கைவேலை. கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் இரட்டையர் பெருகியிருப்பதற்கு வலிய காரணம் மனிதனின் கைவேலை. 1980-களில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்பதாக இருந்தது, 2010-க்குப் பின் பன்னிரண்டாக உயர்ந்திருக்கிறது என்று 2021-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. ஆண்டொன்றுக்குப் பதினாறு லட்சம் ஜோடிகள்! பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர்.

முட்டை முதிராத பெண்களுக்குத் தரப்படும் குளோமிஃபீன் மாத்திரையால் கருத்தரிப்போரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இரட்டையரைச் சுமக்கின்றனர். தூண்டும் ஹார்மோனையே ஊசியாகச் செலுத்தினால் இது இன்னும் பன்மடங்காகும். சோதனைக்குழாய் முறையின் கதை யாவரும் அறிந்ததே. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதற் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்தியாய் அத்தகைய குழந்தையை நம் நாட்டில் பிறக்கச் செய்தார். இங்கிலாந்தில் இயல்பாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள்; முகோபாத்தியாயோ ஊசியால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளைப் பெற்றார். பிற்காலத்தில் உலகம் கைக்கொண்டது இவர் வழியையே. தம் காலத்தில் அவரை யாரும் நம்பவில்லை. 1981-இல் மனமுடைந்து மறைந்தார்.

பல முட்டைகள் கிடைத்தால் பல கருக்கள் கிடைக்கும். ஒன்று தங்காவிட்டால் மற்றொன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்றாக வைத்தார்கள். இரண்டு வைத்தால், கருத்தரித்தவரில் நான்கில் ஒருவருக்கேனும் இரட்டை. அமெரிக்காவில் 1980-க்கும் 2009-க்கும் இடையே இரட்டையர் வீதம் 76 சதவீதம் உயர்ந்தது. பின்பு மருத்துவர்கள் விழித்துக்கொண்டனர். ஸ்வீடன் 2003-இல் பெரும்பாலும் ஒரே கருவை வைப்பது என்று விதி செய்தது. இரட்டையர் விரைந்து குறைந்தனர். பிள்ளைபெறும் தாய்மாரின் தொகையோ குறையவில்லை. இந்தியாவில் இச்சிகிச்சை நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-இல் நிறைவேறியது.

பெங்களூரில் இத்தகைய நிலையங்கள் பல. நகையை அடகு வைத்தும், சீட்டுப் பணம் எடுத்தும் அங்கே செல்லும் எளிய குடும்பத்தார், "இவ்வளவு செலவு செய்கிறோம், இரண்டாகவே வைத்துவிடுங்கள், ஒரே பிரசவத்தில் முடிந்துவிடும்" என்று கேட்பது இயல்பு. அந்த ஆசையை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. பல்லாண்டு ஏச்சுக் கேட்டவளுக்கு இரண்டு என்பது வட்டியும் முதலுமாகத் தெரியும். ஆயினும் அவளுக்கு எதிரே அமர்ந்திருப்பவர் சொல்லியாகவேண்டிய சில உண்மைகள் உண்டு.

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகின்றனர். எடை குறைவு, மூச்சுவிடவே உதவி வேண்டியிருக்கலாம். குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனியார் மருத்துவமனையில் ஆகும் செலவு, மிச்சமாகும் என எண்ணிய தொகையை விழுங்கிவிடும். தாய்க்கு இரத்தக் கொதிப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும் மிகுதியாக வருகின்றன. பேற்றுக்குப்பின் உதிரப்போக்கும் மிகும். இரத்தச்சோகையோ சொல்லவே வேண்டாம். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள். ஒரு குழந்தைக்கே போதாத இரத்தத்தில் இரு குழந்தைகள் பங்கு கேட்கின்றன.

எல்லா இரட்டையருக்கும் ஆபத்து ஒரே அளவினதும் அன்று. இங்கேதான் ஒரு முட்டையா, இரு முட்டையா என்பதைவிட முக்கியமான கேள்வி எழுகிறது. நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா? இரு முட்டை இரட்டையருக்கு எப்போதும் தனித்தனி நச்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம். ஒரு முட்டை இரட்டையருக்கோ கரு பிரிந்த நாளைப் பொறுத்தது. முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் இரண்டு நச்சுக்கொடி. நான்கு முதல் எட்டு நாட்களுக்குள் பிரிந்தால் நச்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பின் என்றால் இருவரும் ஒரே பனிக்குடத்தில். பதின்மூன்று நாளுக்குப் பின் பிரியத் தொடங்கினால் பிரிவு முற்றுப்பெறாமல் ஒட்டிய குழந்தைகள் உண்டாகின்றனர், மிக அரிது.

ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இருவர், ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் போட்டதற்கு ஒப்பானவர். பத்து முதல் பதினைந்து சதவீதத்தினரிடத்தில், ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்துகொண்டே இருக்கும். கொடுப்பது வாடும், வாங்குவது மிகை இரத்தத்தால் இதயம் களைக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டும் போய்விடலாம். உரிய காலத்தில் கண்டால் லேசர் ஒளியைக் கொண்டு அந்தக் குழாய்களை அடைக்கும் சிகிச்சை உண்டு. இதனால்தான் ஒரே நச்சுக்கொடி என்று தெரிந்தவர்களை 16-ஆம் வாரம் முதல் இரண்டு வாரத்திற்கொருமுறை ஸ்கேன் செய்து பார்க்கவேண்டும். இரண்டு நச்சுக்கொடி உள்ளவர்களுக்கு நான்கு வாரத்திற்கொருமுறை போதும்.

இதைக் கண்டறியும் காலம் சிறியது. 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில், இரு குழந்தைகளுக்கும் இடையே உள்ள திரை நச்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பார்ப்பர். அவ்விடம் கூரை முகடுபோல் தடித்து விரிந்திருந்தால் நச்சுக்கொடி இரண்டு. மெல்லிய திரை நேராகச் சென்று முட்டி நின்றால் ஒன்று. மாதங்கள் சென்றபின் இந்த அடையாளம் மங்கிவிடும். குழந்தை ஆணா பெண்ணா என்று கூறுவதை நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதைக் கேட்கவும் வேண்டாம். நச்சுக்கொடியைக் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. அக்கேள்வியைக் கேட்கலாம் என்பதே நம் பெண்கள் பலருக்குத் தெரியாது.

பிரசவ நாளும் இதைக் கொண்டே குறிக்கப்படுகிறது. இரண்டு நச்சுக்கொடி என்றால், வேறு தொல்லை இல்லாதபோது 37-ஆம் வாரம் முடிந்து 38-ஐ ஒட்டி. ஒரே நச்சுக்கொடி என்றால் 36-ஐ ஒட்டி. ஒரே பனிக்குடம் என்றால் 32 முதல் 34-க்குள். இவர்களில் எவரும் வீட்டில் பெறத்தக்கவர் அல்லர். முதற் குழந்தை தலைகீழாக வந்து எளிதில் பிறந்துவிட்டாலும், இரண்டாவது குறுக்கே திரும்பிவிடக்கூடும். அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் மருத்துவரும், மயக்க மருந்தாளரும், இரத்தமும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

ஸ்ரீராம்புரத்துப் பெண்ணுக்கு இவற்றைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மல்லேஸ்வரத்தில் கே. சி. ஜெனரல் அரசு மருத்துவமனை இருக்கிறது. கோட்டைப் பகுதியில் 1935 முதல் வாணி விலாஸ் மகப்பேற்று மருத்துவமனை இருக்கிறது. 2016-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை. கர்ப்பம் உறுதியானதும் ஆஷா ஊழியரிடம் பெயரைப் பதிந்து தாயி அட்டை பெற்றுக்கொள்ளலாம். அட்டையில் இரட்டை என்று எழுதப்பட்டால், அதன் பக்கத்திலேயே நச்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை வேறொரு மருத்துவர் இருந்தாலும், நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்கு ஓடவேண்டி வந்தாலும், அங்குள்ளோர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.